நேரிலும் ஆன்லைனிலும் ஒரே வகுப்பு: 360 டிகிரி கான்பரன்ஸ் கேமரா தேறுமா?

வகுப்பில் இருக்கிறவர்களுக்கும் வீட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கும் ஒரே நேரத்தில் பாடம் எடுக்க எங்கள் துறையில் வாங்கிய 360 டிகிரி கான்பரன்ஸ் கேமராவைப் பற்றிய ரிவ்யூ இது. மேசை நடுவில் வைக்கிற வகை. உச்சியில் சுற்றிலும் பார்க்கிற கேமரா, கீழே மைக்கும் ஸ்பீக்கரும், எல்லாம் ஒரே பெட்டியில். பிராண்ட் பெயரைப் போடவில்லை, நான் சொல்லப்போகும் குறைகள் பெரும்பாலும் ஒரு கம்பெனியின் குறை இல்லை, அந்த வகை சாதனத்துக்கே உள்ளவை.

எங்கள் கல்லூரி வேலூரில். சனிக்கிழமைகளில் ஜிஎஸ்டி வகுப்பும், கணக்கு எழுதும் மென்பொருளான டேலி வகுப்பும் நடக்கும். பி.காம் படிக்கிற பிள்ளைகள் நேரில் வருவார்கள், படித்து முடித்து ஆம்பூர் ஷூ கம்பெனியிலும் ராணிப்பேட்டையிலும் கணக்கு எழுதுகிறவர்கள், கல்யாணம் ஆகி பெங்களூரு போனவர்கள், ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வர முடியாதவர்கள் எல்லாம் ஆன்லைனில். வருகைப் பதிவுக் கெடுபிடி இல்லாத வகுப்பு, அதனால் யாரையும் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். யுஎஸ்பி கேபிளைச் செருகினால் போதும், டிரைவர் கிரைவர் எதுவும் கேட்காது. ஜூம், கூகுள் மீட் இரண்டிலும் உடனே காட்டியது. யார் பேசுகிறார்களோ அந்தப் பக்கம் படத்தைத் திருப்புகிறது. துறை மீட்டிங்கில் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து பேசியபோது அருமையாக வேலை செய்தது, லீவில் இருந்த ஹெச்ஓடி வீட்டிலிருந்தே எல்லோரையும் ஒழுங்காகத் திட்டினார்.

வகுப்பறையில் கதையே வேறு. மைக் 5 மீட்டர் வரை பிடிக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது, பிடிக்கவும் செய்கிறது, ஆனால் அது கதவைச் சாத்தி ஏசி போட்ட மீட்டிங் ரூமில். எங்கள் வகுப்பறையில் சிமென்ட் தரை, வெறும் சுவர், திறந்த ஜன்னல், தலைக்கு மேல் ஆறு பேன். வேலூரில் மார்ச் பாதிக்கு மேல் பேனை அணைத்துவிட்டுப் பாடம் நடத்துகிறேன் என்று யாராவது சொன்னால் அவரை நேரில் பார்க்க ஆசை. திறந்தவெளிக் கணக்கில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும், வகுப்பறையில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் பேன் சத்தம் மைக்குக்கு நேர் மேலேயே சுற்றுவதால் அதற்குத் தூரமும் கிடையாது, குறைவும் கிடையாது. கடைசி பெஞ்ச் பையன் கேட்கிற கேள்வி அதில் கரைந்து போகிறது.

இரைச்சலை நீக்கும் வசதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, பேன் சத்தத்தை நன்றாகவே நீக்குகிறது, கூடவே ச, ஸ, ஃப மாதிரி காற்று கலந்த ஒலிகளையும் பேன் என்று நினைத்துக் கொஞ்சம் தின்றுவிடுகிறது. கதை சொல்கிற வகுப்பு என்றால் சமாளிக்கலாம். கணக்கு வகுப்பில் “பிஃப்டீனா பிஃப்டியா மேடம்?” என்று சாட்டில் வரிசையாக வரும். அப்புறம் நான் தமிழில் பதினைந்து, ஐம்பது என்று சொல்ல ஆரம்பித்தேன், அந்தக் குழப்பம் பெருமளவு நின்றது, ஆனால் அதற்கும் நாற்பதாயிரத்தை ஒட்டிக் கொடுத்த சாதனத்துக்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொரு தொல்லை, வகுப்பில் இருக்கிறவர்களே போனில் அதே மீட்டிங்கில் சேர்வது. ஒருவர் ஸ்பீக்கரை அணைக்க மறந்தால் போதும், கீச்சென்று காதைக் கிழிக்கும். எதிரொலி நீக்கும் வசதி தன் ஸ்பீக்கரிலிருந்து வருவதை மட்டும்தான் கழிக்கும், மூன்றாவது வரிசைப் போனிலிருந்து வருவது அதற்குத் தெரியாது.

கேமரா பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 1080பி தான், ஆனால் சுற்றிலும் இருப்பதையெல்லாம் அதற்குள் அடைப்பதால் கரும்பலகை தபால் தலை அளவுக்கு ஆகிவிடுகிறது, பேரேட்டுக் கட்டங்களைப் படிக்கவே முடியாது. அப்படியே தெளிவாக இருந்தாலும் பார்க்கிறவர் பக்கம் சிக்னல் வேண்டுமே. 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு அரசு நாளுக்கு 2 ஜிபி டேட்டா கார்டு கொடுத்தது நினைவிருக்கலாம். இப்போது அவரவர் ரீசார்ஜ், பாதிப் பேர் டேட்டாவை மிச்சம் பிடிக்கத் தரத்தைக் குறைத்து வைத்துத்தான் பார்க்கிறார்கள். படம் மங்கினால் பொறுத்துக்கொள்கிறார்கள், குரல் விட்டுவிட்டு வந்தால் கிளம்பிவிடுகிறார்கள்.

டேலி திரையை ஷேர் செய்யும்போது ஆன்லைன்காரர்கள் கடைசி பெஞ்சைவிட வசதியாக இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்காதது பக்கத்து பெஞ்சின் கேள்வி. நான் ஏதோ பதில் சொல்வது கேட்கும், எதற்குப் பதில் என்று தெரியாது.

கரண்ட் விஷயத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் இன்வெர்ட்டர் லைன் பேனுக்குப் போகிறது, வைஃபை பெட்டிக்குப் போகவில்லை, யார் வயரிங் செய்தார்களோ தெரியவில்லை. கரண்ட் போய் வந்தால் இந்தச் சாதனம் தானே எழுந்துகொள்ளும், ஆனால் லேப்டாப் தன் சொந்த மைக்குக்கு மாறி அங்கேயே இருந்துவிடும், ஒரு எச்சரிக்கையும் வராது. யாராவது “ஆடியோ சரியா வரல மேடம்” என்று எழுதும்வரை நீங்கள் சுவரோடு பேசிக்கொண்டிருப்பீர்கள்.

இப்போது என்ன செய்கிறேன்? மூவாயிரத்துக்குள் வரும் இரண்டு மைக் கொண்ட வயர்லெஸ் காலர் மைக் செட். ஒன்று என் புடவையில், இன்னொன்று பெஞ்ச் பெஞ்சாகக் கை மாறுகிறது. வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் மைக் இருப்பதால் பேன் எத்தனை சுற்றினாலும் கவலை இல்லை. மைக் போய்ச் சேராத கேள்வியை நானே ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்கிறேன். பலகைக்குப் பதில் வெள்ளைத் தாள், மேலே ஸ்டாண்டில் பழைய ஆண்ட்ராய்டு போன், அதை ஆடியோ இல்லாமல் மீட்டிங்கில் இன்னொரு ஆளாகச் சேர்த்துவிட்டால் புரொஜெக்டரிலும் வீட்டிலும் ஒரே எழுத்து தெரியும். சார்ஜரைச் செருகி வைக்க மறக்காதீர்கள்.

மென்பொருள் பக்கம், ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும், ஆனால் லேப்டாப்பிலேயே ரெக்கார்டு செய்யலாம். மீட் இலவசக் கணக்கு 60 நிமிடம் ஓடும், ரெக்கார்டிங் கிடையாது, திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் என்ற தனி மென்பொருளைப் போட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும். ரெக்கார்டிங்கைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நேரில், நேரலையில், பிறகு பதிவில் என்று மூன்று வழியில் எதை வேண்டுமானாலும் மாணவர் தேர்ந்தெடுக்கட்டும் என்ற ஹைஃப்ளெக்ஸ் முறையை சான்பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரையன் பீட்டி 2006 வாக்கிலேயே கொண்டுவந்துவிட்டார், எங்கள் ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு அந்த மூன்றாவது வழிதான் கை கொடுக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு இயர்போனில் கேட்கிறவரால் “மேடம் கேக்கல” என்று சொல்லவும் முடியாது.

ஆக, மீட்டிங் ரூமுக்கு 5க்கு 4, ஐம்பது பேர் உட்காரும் வகுப்புக்கு 5க்கு 2. எங்களுடையது இப்போது துறை அலுவலகத்தில் இருக்கிறது, அங்கே அதன் மீது புகார் ஒன்றும் இல்லை. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் உங்கள் வகுப்பறையிலேயே, பேன் எல்லாம் முழு வேகத்தில் ஓடும்போது டெமோ கேளுங்கள், கடையில் காட்டுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வாரண்டி கார்டையும் பணம் கொடுக்கும் முன் பிரித்துப் பாருங்கள். எங்களிடம் வாயால் சொன்னது இரண்டு வருடம், உள்ளே இருந்தது ஒரு வருடம்.