பிரெலிங்கர் தொகுப்பு: பல வருடங்கள் பார்த்த பிறகு சொல்ல வேண்டியவை

இண்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் பிரெலிங்கர் ஆர்க்கைவ்ஸ் என்று ஒரு படத் தொகுப்பு இருக்கிறது. அமெரிக்காவில் கம்பெனிகளும் பள்ளிகளும் அரசுத் துறைகளும் எடுத்து, தேவை முடிந்ததும் ஒதுக்கிவிட்ட விளம்பரப் படங்கள், பாடப் படங்கள், பயிற்சிப் படங்கள்தான் இதில் பெரும்பகுதி. ரிக் பிரெலிங்கர் 1982-இல் இவற்றைச் சேர்க்க ஆரம்பித்தார். 2002-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அவரிடமிருந்து சுமார் 60,000 படங்களை வாங்கிக்கொண்டது. ஆயிரக்கணக்கான படங்களை நாம் இலவசமாகப் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம், வெட்டி ஒட்டிப் புதுப் படமும் செய்யலாம்.

பல வருடங்களாக இதில் புழங்கிவருகிறேன். புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: படம் எதைப் பற்றியது என்று பார்ப்பதற்கு முன், யார் காசு போட்டது என்று பாருங்கள்.

'தி ஹவுஸ் இன் தி மிடில்' என்ற 1954-ஆம் வருடப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெவாடா பாலைவனத்தில் அணுகுண்டுச் சோதனை. மூன்று சின்ன மர வீடுகள். குப்பை சேர்ந்த வீடும், பெயின்ட் இல்லாமல் வெளுத்துப்போன வீடும் தீப்பற்றி எரிகின்றன. சுத்தமாக வைத்து வெள்ளை பெயின்ட் அடித்த நடு வீடு தப்பிக்கிறது. அரசின் குடிமக்கள் பாதுகாப்புத் துறையோடு சேர்ந்து இதைத் தயாரித்தது யார் தெரியுமா? பெயின்ட், வார்னிஷ் உற்பத்தியாளர்கள் சங்கத்தின் ஒரு பிரிவு! சோதனை உண்மை, தீயும் உண்மை. ஆனால் அதிலிருந்து எந்தப் பாடத்தை மக்களுக்குச் சொல்வது என்பதைக் காசு போட்டவர்களும் சேர்ந்துதான் முடிவு செய்திருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு பார்த்தால் படமே வேறாகத் தெரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது 1936-இல் செவர்லே கம்பெனிக்காக ஜாம் ஹேண்டி நிறுவனம் எடுத்த 'மாஸ்டர் ஹேண்ட்ஸ்'. மிச்சிகனின் ஃபிளின்ட் நகரத் தொழிற்சாலை. அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். விளக்கக் குரல் கிட்டத்தட்ட இல்லை. உருகிய இரும்பு, அச்சு, கைகள், பின்னால் முழு இசைக்குழு. அவ்வளவு அழகான ஒளிப்பதிவு! அதே வருடம் டிசம்பர் கடைசியில் அந்த ஊர்த் தொழிலாளர்கள் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். படத்தில் அதன் சாயல்கூடக் கிடையாது. ஆனால் அந்தக் கைகள் இருக்கின்றன. கம்பெனி தன் பெருமைக்காக எடுத்த படம், தொழிலாளர்களின் திறமைக்கும் ஆவணமாக நிற்கிறது. பழைய விளம்பரப் படங்களை நான் மதிப்பதற்கு இதுவே காரணம்.

சரி, குறைகள். தேடல் சுமார்தான். பொருளை வைத்துத் தேடினால் பாதி கிடைக்காது. ஜாம் ஹேண்டி, கொரோனெட் என்று தயாரித்த நிறுவனத்தின் பெயரைப் போட்டால் நிறைய வரும். பல பிரதிகளில் நிறம் சிவந்துவிட்டது, ஒலி கரகரக்கிறது. வசன வரி இல்லாத படங்களும் நிறைய, அந்தக் கால ஆங்கில உச்சரிப்பைப் பிடிக்கக் கொஞ்சம் பழக வேண்டும். ஒரே படம் பல அளவுகளில் இருக்கும். பார்க்க மட்டும் என்றால் சின்ன எம்பி4 போதும், எடிட்டிங்குக்கு எம்பெக்-2 கோப்பு இருந்தால் அதை எடுங்கள். பதிப்புரிமை காலாவதியான படத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒரு வீடியோ தளத்தில் ஏற்றியபோது, வேறு யாரோ உரிமை கோரினார்கள். எதிர்த்து எழுதித்தான் அந்தக் கோரலை நீக்க வேண்டியிருந்தது. அதனால் தொகுப்புப் பக்கத்தின் முகவரியையும் உரிமைக் குறிப்பையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், முக்கியமானவற்றை இறக்கி வைத்துவிடுவது நல்லது. 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் இண்டர்நெட் ஆர்க்கைவ் பல நாள் முடங்கியது. அப்போது என் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தவை மட்டும்தான் கைக்கு எட்டின.