இரண்டு வயதுப் பிள்ளைக்கு முயல் வேடம்: எதை வாங்கலாம், எதை விடலாம்

பிளே ஸ்கூல் மாறுவேடப் போட்டிக்கு முயல் வேடம் தைக்க ஆறே பொருள் போதும்: குல்லா வைத்த பனியன் துணி டீ-ஷர்ட் ஒன்று, நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த ஃபெல்ட் துணியில் ஏ4 அளவு ஷீட் (வெள்ளை மூன்று, ரோஸ் இரண்டு), 2 மி.மீ. ஃபோம் ஷீட் ஒன்று, கால் மீட்டர் வெள்ளை ஃபர் துணி, ஒரு கைப்பிடி ரெக்ரான் பஞ்சு, வெள்ளை நூல்கண்டு. பசைக்குச்சியை உருக்கி ஊற்றும் க்ளூ கன் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டாலும் குடி முழுகிப் போகாது. இரண்டு மாலை நேரம் ஒதுக்கினால் முடிந்துவிடும்.

ஆன்லைனில் ‘2 முதல் 4 வயது’ என்று ஒரே அளவாக விற்கும் ஃபர் சூட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடலாம். எல்லோர் கையும் முதலில் அங்கேதான் போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, இரண்டு வயது ஆண் குழந்தையின் நடுத்தர உயரம் சுமார் 88 செ.மீ.; நான்கு வயதில் 103. இந்தப் பதினைந்து செ.மீ.யை ஒரே உடை எப்படிச் சமாளிக்கும்? பெரியவனுக்கு வெட்டியதைச் சின்னவனுக்கு மாட்டினால் கவட்டை முழங்காலுக்கு இறங்கும், கால் நுனி பாதத்துக்கு அடியில் மடங்கும், மேடைப் படி ஏறும்போது தடுக்கும். வெளித்துணியும் பாலியஸ்டர், உள் லைனிங்கும் பாலியஸ்டர், வியர்வையை உறிஞ்ச ஒன்றுமில்லை. ஜிப் முதுகில் இருப்பதால் டயப்பர் மாற்ற முழு முயலையும் உரிக்க வேண்டும். வாடகைக்கு எடுக்கும் உடையில் இதே குறைகளோடு முந்தைய பிள்ளையின் வாசனையும் சேர்ந்து வரும். நான்கு வயதுப் பிள்ளை, ஏசி ஹால், அரை மணி நேர நிகழ்ச்சி என்றால் வாடகை மோசமில்லை. இரண்டு வயதுக்கு வேண்டாம்.

வேடத்துக்கு அஸ்திவாரம் டீ-ஷர்ட்தான். திருப்பூர் சரக்கு விற்கும் கடைகளில் 160 முதல் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) கனத்தில் மெல்லிய பனியன் துணி ஹூடி கிடைக்கும். அது போதும். உள்பக்கம் பஞ்சு எழுப்பிய ஃப்ளீஸ் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சரி. சமவெளியில் பத்தே நிமிடத்தில் பிள்ளை சிணுங்க ஆரம்பிக்கும். புதிதாக வாங்கினால் குறைந்தது மூன்று நாள் முன்பே போட்டுப் பழக்க வேண்டும். ஏற்கெனவே போட்டு விளையாடிய பழைய ஹூடி இருந்தால் அதைவிடச் சிறந்தது கிடையாது. குல்லாவின் விளிம்பில் நாடா ஓடினால் அதை உருவி எறிந்துவிடுங்கள். கழுத்து நாடா சறுக்குமர இடுக்கில் மாட்டிப் பிள்ளைகள் உயிரிழந்ததால், அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996லேயே அதற்கு எதிராக வழிகாட்டுதல் வெளியிட்டது. நம் கடைகளில் நாடா வைத்த ஹூடிகள் இன்னும் தொங்குகின்றன.

ஹேர்பேண்டில் ஒட்டி விற்கும் முயல் காது மலிவு. ஆனால் பிளாஸ்டிக் முனை காதுக்குப் பின்னால் அழுத்தும். இந்த வயதில் அதை இழுத்துக் கழற்றாத பிள்ளை அபூர்வம். போட்டோவுக்கு மட்டும் என்றால் வாங்கலாம்.

ஃபெல்ட் வாங்கும்போது ஒரு சோதனை. ஷீட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வரிசை வரிசையாகச் சின்னப் புள்ளி அச்சு தெரிந்தால் அது ஃபெல்ட் இல்லை, துணிப்பை தைக்கும் நான்-ஓவன். அதில் ஊசி இறங்கிய இடம் கிழியும். நல்ல ஃபெல்ட்டில் இழை எந்தத் திசையிலும் ஓடாது. வெட்டிய விளிம்பு பிரியாது, மடித்துத் தைக்கவும் தேவையில்லை. 1 மி.மீ. கனம் போதும். அட்டை மாதிரி விறைப்பாக வருவது பார்க்க அழகு, ஆனால் மடித்தால் வெள்ளைக் கோடு விழும், விளிம்பு பிள்ளையின் நெற்றியில் உரசும். மெத்தென்று இருப்பதை எடுத்து, விறைப்பை ஃபோமிலிருந்து வாங்கிக்கொள்வதே நல்லது. ஃபோம் ஷீட் பிரித்தவுடன் ஒரு வாடை வரும். இரண்டு நாள் காற்றாட வைத்தால் போய்விடும்.

இனி காது. இந்த வேடத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது, பெரும்பாலும் சொதப்புவதும் அதில்தான்.

வெள்ளை ஃபெல்ட்டில் 20 செ.மீ. நீளம், நடுவில் 7 செ.மீ. அகலம் வரும்படி இலை வடிவில் நான்கு துண்டு. அடி முனையைக் கூராக்காமல் 5 செ.மீ. அகலத்தில் நேராக விடவும். ஃபோமில் அதே வடிவம், ஆனால் சுற்றிலும் அரை செ.மீ. குறைவாக, அடியில் 3 செ.மீ. குறைவாக, இரண்டு துண்டு. ரோஸ் ஃபெல்ட்டில் 14-க்கு 4 அளவில் இரண்டு. ஃபோமை நடுவில் வைத்து இரண்டு வெள்ளைத் துண்டுகளையும் சேர்த்து விளிம்பில் சுற்றுத்தையல் போட்டால் ஒரு காது. அடியில் ஃபோம் இல்லாத மூன்று செ.மீ.தான் சூட்சுமம். அதில் இரண்டு செ.மீ.யைக் குல்லாவில் தைக்கவும், மீதி ஒன்றை மடிக்கவும் வைத்திருக்கிறோம். காதின் அடியை இரண்டு விரலால் கிள்ளி, புடவைக் கொசுவம் போல நடுவில் ஒரு மடிப்பு எடுத்து நான்கைந்து தையல் போடுங்கள். தட்டையாக இருந்த காது ஓடு போல உட்குழிந்து நிற்கும். தட்டையான அட்டை வளையும், வளைத்த அட்டை நிற்கும், அதே கணக்கு. கம்பி தேவையே இல்லை. கம்பி வைத்த காதுகளில் முனை எப்போதாவது துணியைத் துளைத்து வெளியே வரும். அப்போது அது பிள்ளையின் கண் உயரத்தில் இருக்கும்.

இவ்வளவு செய்தும் காது சாய்ந்தால், குறை குல்லாத் துணியில் இருக்கும். பனியன் துணி இழுபடும், இருபது செ.மீ. காதை ஒற்றைத் துணியில் தைத்தால் அந்த இடம் பள்ளம் விழுந்து காது படுத்துவிடும். குல்லாவின் உள்பக்கம் 8-க்கு 12 செ.மீ. ஃபெல்ட் துண்டு ஒன்றை முட்டுக் கொடுத்து, காதின் அடி, பனியன், முட்டு மூன்றையும் சேர்த்து ஊசி இறங்கும்படி தைக்க வேண்டும். மூன்றாவது வெள்ளை ஷீட் வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

இடமும் முக்கியம். காதின் அடி குல்லா விளிம்பிலிருந்து 4 செ.மீ. உள்ளே, இரண்டு காதுக்கும் நடுவில் 5 செ.மீ. இடைவெளி. முன்னால் போனால் குல்லா கண்ணை மறைக்கும். பின்னால் போனால் எடை பின்னுக்கு இழுத்து, டீ-ஷர்ட்டின் முன் கழுத்து தொண்டையை அழுத்தும். மேசையில் விரித்து வைத்து அளக்க வேண்டாம். பிள்ளைக்குப் போட்டுவிட்டு, பென்சிலால் குறி போட்டு, கழற்றிய பிறகு தையுங்கள். குண்டூசியைத் தலைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

பசை விஷயத்துக்கு வருவோம். 7 மி.மீ. குச்சி போடும் 20 வாட் சின்ன க்ளூ கன் இந்த வேலைக்குத் தாராளம். பெரியது அதிகமாக ஊற்றி ஃபெல்ட்டின் மறுபக்கம் கசியும். ரோஸ் துண்டை வெள்ளை மேல் ஒட்ட, ஃபோமை இடம் நகராமல் பிடிக்க, இரண்டுக்கும் நன்றாகப் பயன்படும். அதோடு அதை வைத்துவிட வேண்டும். பனியன் இழுபடும், ஆறிய பசை இழுபடாது; தலையை நுழைக்கும்போதே பட்டென்று விடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் உடையை வைத்தாலும் பசை இளகிக் காது கையோடு வரும். ஃபெவிகால் ஒரு ராத்திரி காய வேண்டும், காய்ந்ததும் ஃபெல்ட் அப்பளம் மாதிரி விறைக்கும், தண்ணீர் பட்டால் திரும்பவும் குழையும். சொட்டு விட்டதும் ஒட்டும் சூப்பர் க்ளூ வகைப் பசையைப் பருத்தித் துணியில் விடவே கூடாது. அது பருத்தியோடு வினைபுரிந்து சூடாகும். அளவு கூடினால் புகைந்து தோலைச் சுடும்.

ஃபர் துணி பார்க்க ஆசையாக இருக்கும். கால் மீட்டருக்கு மேல் வாங்காதீர்கள், அதுவும் வாலுக்கு மட்டும். கத்தரியால் மேலிருந்து வெட்டினால் மயிரும் சேர்ந்து அறுபட்டு விளிம்பு மொட்டையாகும், வீடு முழுக்கப் பஞ்சு பறக்கும். துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தை மட்டும் பிளேடால் கீறிப் பிரிக்க வேண்டும். வெட்டிய துண்டை வெளியே கொண்டுபோய் நாலு உதறு உதறிவிட்டுத் தையுங்கள். உதிரும் இழை பிள்ளையின் மூக்குக்கும் வாய்க்கும்தான் போகும். முகத்தருகே ஃபர் வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். இன்னொன்றும் உண்டு: பாலியஸ்டர் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். விழா மேடையில் குத்துவிளக்கு தரை மட்டத்தில், பிள்ளையின் வாலுக்குச் சரியான உயரத்தில் எரிந்துகொண்டிருக்கும்.

வாலுக்கு 18 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டம். விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே இரட்டை நூலில் ஓட்டுத்தையல் போட்டு, சுருக்குப்பை போலப் பாதி இழுத்து, பஞ்சை அடைத்து, முழுதும் இழுத்து முடிச்சுப் போட்டால் உருண்டை தயார். பஞ்சைத் திணிக்க வேண்டாம், அமுக்கினால் அமுங்க வேண்டும். உல்லன் நூலில் செய்த ‘பாம்பாம்’ உருண்டை இதைவிட மலிவு, ஆனால் இழுத்தால் நூல் நூலாக வரும், அடுத்த நிமிடம் வாயில் இருக்கும். வாலைப் பேன்ட்டில் தைத்தால் எடை பேன்ட்டை இறக்கும். டீ-ஷர்ட்டின் பின்பக்கம், அரைஞாண் கட்டும் இடத்துக்கு இரண்டு விரற்கடை மேலே வைத்தால் உட்காரும்போது அடியில் மாட்டாது.

வயிற்றுக்கு ரோஸ் ஃபெல்ட்டில் 14-க்கு 18 செ.மீ. முட்டை வடிவம். சுற்றிலும் நெருக்கித் தைத்தால் பனியன் இழுபட இடமில்லாமல் சுருங்கும், தலை நுழையாது. எட்டு இடத்தில் மட்டும் பிடித்துத் தைத்தால் போதும். பழைய ரோஸ் பனியன் வீட்டில் இருந்தால் ஃபெல்ட்டைவிட அதுவே மேல்.

பொம்மைக் கண், மணி, முத்து, பட்டன் செல் போட்ட எல்இடி விளக்கு எல்லாம் ஃபேன்சி ஸ்டோரில் பக்கத்திலேயே தொங்கும். கை வைக்க வேண்டாம். மூன்று வயதுக்கு உட்பட்டோரின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள குழாய் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் துண்டு எதுவும் மூச்சை அடைக்கக்கூடியது. பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ., அதுவே அடங்கிவிடும். பட்டன் செல் விழுங்கினால் மூச்சோடு நிற்காது, உணவுக்குழாயை அரிக்கும்.

முகமூடி வேண்டாம். கண் துளை நகர்ந்தால் பிள்ளைக்கு வழி தெரியாது, பயத்தில் அழும். மூக்கு நுனியில் ஒரு புள்ளி, கன்னத்துக்கு மூன்று கோடு, ஐப்ரோ பென்சிலில். கண்மையும் ஆகாது; வியர்த்தால் ஒழுகும், பிள்ளை தேய்த்தால் முயல் கரடியாகும். போஸ்டர் கலர் தோலுக்கானதே இல்லை.

இதே டீ-ஷர்ட் முறையில் வேறு மிருகங்களும் வரும். புலி எல்லாவற்றிலும் சுலபம்: ஆரஞ்சு டீ-ஷர்ட்டில் கறுப்பு ஃபேப்ரிக் பெயின்ட் வரி, ஒரு நாள் காய்ந்ததும் உள்பக்கமாக இஸ்திரி. சிங்கத்துக்குப் பிடரி வேலை அதிகம். 3-க்கு 8 செ.மீ. ஃபெல்ட் பட்டைகள் அறுபதாவது வேண்டும், விளிம்பிலிருந்து 2 செ.மீ. தள்ளி வைக்காவிட்டால் கன்னத்தில் கூச்சம் தாங்காமல் குல்லாவையே தள்ளிவிடும். யானையில் தும்பிக்கைதான் தொல்லை. முகத்தில் தொங்கவிட்டால் நிற்காது. ஒரு கையில் சாம்பல் நிற நீள சாக்ஸ் மாட்டி, அந்தக் கையையே தும்பிக்கையாக ஆட்டச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்கு விளையாட்டாகவும் இருக்கும்.

முடிந்ததும் பிள்ளைக்குப் போட்டு, குத்துக்காலிட்டு உட்காரச் சொல்லுங்கள், இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒரு படி ஏற்றி இறக்குங்கள். காதையும் வாலையும் நீங்களே நன்றாக இழுத்துப் பாருங்கள், பிள்ளை இழுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. துவைப்பது குளிர்ந்த தண்ணீரில் கையால் மட்டும், உலர்த்துவது நிழலில். ஃபெல்ட் மேல் இஸ்திரிப் பெட்டி படக் கூடாது, ஒட்டிக்கொள்ளும். போட்டி முடிந்த பிறகு பிளேடு நுனியால் தையலைப் பிரித்தால் காதும் வாலும் தனியாக வந்துவிடும். டீ-ஷர்ட்டில் ஊசித் துளைகள் இரண்டு துவைப்பில் மூடிக்கொள்ளும்.