நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் உதறல்: லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பிக்கப்களில் எது தேய்கிறது, எது ஏமாற்றுகிறது

முன்பக்கம் சாலிட் ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் ஒரே துண்டாக இணைக்கும் அச்சு) உள்ள பிக்கப்பில் முதல் சில ஆண்டுகள் ஒரு குறையும் தெரியாது. பாரம் ஏற்றினாலும் மண் சாலையில் ஓட்டினாலும் அசையாது. எண்பதாயிரம், ஒரு லட்சம் கி.மீ. ஓடிய பிறகு ஒரு நாள் 90 கி.மீ. வேகத்தில் பாலத்தின் இணைப்புப் பட்டை மேல் ஏறி இறங்குவோம். ஸ்டீயரிங் திடீரென்று இடமும் வலமுமாக அடிக்கத் தொடங்கும். கையில் பிடி நிற்காது, டாஷ்போர்டே குலுங்கும், கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெரியாது. வேகம் நன்றாகக் குறையும் வரை அது தானாக நிற்காது. இதைத்தான் வண்டிக்காரர்கள் ‘டெத் வாபிள்’ என்கிறார்கள். ஃபோர்டு எஃப்-250, எஃப்-350, ராம் 2500, ஜீப் ராங்லர், சிறிய வண்டியான சுசுகி ஜிம்னி என்று முன் ஆக்சில் ஒரே துண்டாக இருக்கும் எதிலும் இது வரலாம். 2005 முதல் 2019 வரையிலான எஃப்-250, எஃப்-350 வண்டிகளில் இந்தக் குறை இருப்பதாகச் சொல்லி 2019-இல் அமெரிக்காவில் உரிமையாளர்கள் வழக்கே தொடுத்தார்கள்.

முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள இன்றைய ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்றவற்றில் இது அபூர்வம். அவற்றில் 100 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் டயர், ரிம், பிரேக் டிஸ்க் பக்கம்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உதறலில் மூன்று ரகம் உண்டு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் காசு வீணாகிறது. 85-இல் தொடங்கி 110-இல் அடங்கிவிடுகிற, மேடு பள்ளம் இல்லாத சாலையிலும் வருகிற மெல்லிய நடுக்கம் வீல் பேலன்ஸ் கோளாறு. பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்து, காலை எடுத்ததும் போய்விட்டால் டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கிறது. ஒரு தட்டு பட்டதும் வெடித்துக் கிளம்பி, தட்டு முடிந்த பிறகும் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறதே, அதுதான் டெத் வாபிள். நடுக்கம் கையில் இல்லாமல் இருக்கையில் மட்டும் தெரிந்தால் பின்சக்கரம் அல்லது அதற்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட். இதற்கு ஒரு கணக்கு கைகொடுக்கும். 80 செ.மீ. விட்டமுள்ள டயரின் சுற்றளவு சுமார் 2.5 மீட்டர். 100 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு 11 சுற்று சுற்றும். டிஃபரென்ஷியல் விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) 3.73 என்றால் ஷாஃப்ட் நொடிக்கு 41 சுற்று. தனித்தனி அடியாகத் தெரிகிற மாதிரி ‘தட் தட்’ என்று வந்தால் சக்கரம். பல் கூசுகிற ரீங்காரமாக வந்தால் ஷாஃப்ட்.

தட்டு நின்ற பிறகும் உதறல் ஏன் நிற்பதில்லை? சாலிட் ஆக்சிலில் இடது சக்கரம் மேலே ஏறினால் ஆக்சில் முழுவதும் சாய்கிறது. சுற்றுகிற சக்கரத்தைச் சாய்த்தால் அது பம்பரத்தைப் போலப் பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். டை ராடு இரண்டு சக்கரங்களையும் கோத்திருப்பதால் இரண்டும் சேர்ந்தே திரும்பும். திரும்பிய டயரைச் சாலை நேராக்கித் தள்ளுகிறது. அது நேர்க்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போய்விடுகிறது. இணைப்புகள் இறுக்கமாக இருந்தால் இரண்டொரு ஆட்டத்தில் அடங்கிவிடும். எங்காவது ஆட்டம் விழுந்திருந்தால், சக்கரம் திரும்புவதற்கும் ஆக்சில் பதில் சொல்வதற்கும் நடுவே ஒரு தாமதம் வருகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல ஒவ்வொரு ஆட்டமும் அடுத்ததைப் பெரிதாக்கும். அதற்கான சக்தி வண்டியின் ஓட்டத்திலிருந்தே கிடைக்கிறது. வேகம் குறைந்தால்தான் அது ஓயும்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். ஆனால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், எதிர்ப்பக்கம் ஒடிக்கவும் வேண்டாம். கட்டைவிரல் ஸ்போக்குக்கு உள்ளே இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள், அடியில் விரல் பிசகும். பிரேக்கை ஓங்கி மிதித்தால் பாரம் முன்பக்கம் சாய்ந்து உதறல் கூடும். மெதுவாக, ஒரே சீராக மிதியுங்கள். ஹசார்டு விளக்கைப் போட்டு ஓரம் கட்டுங்கள். ஒருமுறை வந்துவிட்டால் சோதித்துப் பார்க்காமல் மறுபடி நெடுஞ்சாலை ஏறக் கூடாது. அந்த அரை நிமிட அடியிலேயே நல்ல நிலையில் இருந்த பால் ஜாயிண்ட்டும் (சக்கரம் திரும்புவதற்கான பந்து மூட்டு) டேம்பரும் (ஸ்டீயரிங் உதறலை அடக்கும் பாகம்) அடிபட்டுப் போகின்றன. முதல் தடவை ஒரு பாகத்தோடு முடிந்திருக்க வேண்டிய செலவு மூன்றாவது தடவைக்குள் நான்கு பாகமாகிவிடும்.

எந்தப் பாகத்தையும் வாங்கும் முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். செலவு இல்லை, இரண்டு பேர் போதும். வண்டியைச் சமதரையில் நான்கு சக்கரமும் ஊன்றியபடி நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை ஓட விடுங்கள். பவர் ஸ்டீயரிங் வேலை செய்தால்தான் இணைப்புகளுக்குப் போதுமான விசை கிடைக்கும். ஒருவர் ஸ்டீயரிங்கை 10 மணியிலிருந்து 2 மணி வரை, அங்கிருந்து இங்கு என்று வேகமாகத் திருப்பிக்கொண்டே இருக்கட்டும். மற்றவர் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரல் வைத்தால் தெரியும். நகரும் பாகங்களுக்கு நடுவே மட்டும் விரலை விடக் கூடாது. ஜாக் போட்டுத் தூக்கிய வண்டியில் இந்தச் சோதனை பாதிப் பலன்கூடத் தராது. பாரம் இல்லாத மூட்டு நல்ல பிள்ளையாக நடிக்கும். பல பட்டறைகளில் “எல்லாம் டைட்டா இருக்கு சார்” என்று திருப்பி அனுப்புவதற்குக் காரணமே இதுதான்.

முதலில் பார்க்க வேண்டிய இடம் டிராக் பார். பேன்ஹார்டு ராடு என்றும் சொல்வார்கள். ஒரு முனை சேஸிஸில், மறு முனை ஆக்சிலில். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருப்பது காயில் ஸ்பிரிங் வண்டிகளில் பெரும்பாலும் இது ஒன்றுதான். தேய்மானத்தில் வருகிற டெத் வாபிளுக்கு இதைவிட அடிக்கடி காரணமாகிற பாகம் வேறு இல்லை என்பது என் தீர்ப்பு. முனைக்குள் இருக்கும் ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றிய ரப்பர் உருளை) கொஞ்சம் நெளிவது இயல்பு. ஆனால் போல்ட் துளைக்குள் நகரக் கூடாது, பந்து முனை கிண்ணத்துக்குள் தட்டக் கூடாது; அரை மில்லிமீட்டர்கூடக் கூடாது. போல்ட் தலையைச் சுற்றி பெயின்ட் உரிந்து பளபளப்பான வளையமோ துருப்பொடியோ தெரிந்தால் அங்கே நீண்ட நாளாக அசைவு இருக்கிறது என்று பொருள்.

அந்தப் போல்ட்டைக் கழற்றினால் துளையை டார்ச் அடித்துப் பாருங்கள். லூஸான போல்ட்டோடு பல மாதம் ஓடியிருந்தால் வட்டத் துளை முட்டை வடிவமாகியிருக்கும். அதில் எவ்வளவு விலை உயர்ந்த புது டிராக் பார் போட்டாலும் சில ஆயிரம் கி.மீ.யில் பழைய கதைதான். பிராக்கெட்டை மாற்ற வேண்டும். முடியாவிட்டால் சரியான துளை அளவுள்ள தடித்த வாஷரை இருபுறமும் நல்ல வெல்டர் கையால் பற்றவைக்க வேண்டும்.

புது புஷ் போடும்போது நடக்கும் தப்பு ஒன்று உண்டு. வண்டி ஜாக்கில் தொங்கும்போதே போல்ட்டை முழு டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கிவிடுவார்கள். ரப்பர் புஷ்ஷின் உள் குழாய் அந்த நிலையிலேயே இறுகிவிடும். வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, எந்நேரமும் இழுபட்டு, சீக்கிரமே கிழியும். போல்ட்டைக் கையால் சேர்த்துவிட்டு, வண்டியை இறக்கி, முழு எடையும் சக்கரத்தில் நிற்கும்போதுதான் டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். ஆக்சிலை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் கண்ட்ரோல் ஆர்ம், ரேடியஸ் ஆர்ம் புஷ்களுக்கும் இதே முறைதான்.

டிராக் பார் சரியாக இருந்தால் டை ராடு முனைகளையும், ஸ்டீயரிங் கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் ராடான டிராக் லிங்க்கின் முனைகளையும் பாருங்கள். அதே சோதனையில் இவையும் தெரிந்துவிடும். ராடு தன் அச்சில் கொஞ்சம் சுழல்வது இயல்பு. மேலும் கீழும் தட்டினால் மாற்ற வேண்டும். மாட்டும்போது நட்டைப் பூட்டும் ஸ்பிளிட் பின்னுக்கான துளை நேராக வரவில்லை என்று நட்டைப் பின்னுக்குத் தளர்த்துவது பெரிய தவறு. நட்டின் அடுத்த வெட்டு வரும் வரை முன்னால்தான் முறுக்க வேண்டும்.

பிறகு முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தை 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். போய்விட்டால் வீல் பேரிங். அப்படியே இருந்தால் பால் ஜாயிண்ட். டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பினால் பால் ஜாயிண்ட்டின் மேல்கீழ் ஆட்டமும் தெரியும். ஜிம்னி போன்றவற்றில் பால் ஜாயிண்ட் இல்லை, கிங்பின் (சக்கரம் திரும்பும் முளை) பேரிங். அங்கே ஆட்டம் மட்டுமல்ல, திரும்புவதற்கு வேண்டிய எதிர்ப்பு குறைந்தாலும் உதறல் வரும். டை ராடைக் கழற்றிவிட்டு நக்கிளை (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகத்தை) ஸ்பிரிங் தராசால் இழுத்து அளந்து, ஷிம் தகட்டைக் குறைத்துக் கூட்டி இறுக்கத்தைச் சரிசெய்வார்கள்.

ஸ்டீயரிங் கியர் பாக்ஸில் ஆட்டம் இருந்தால் மேலே உள்ள அட்ஜஸ்ட்மென்ட் ஸ்குரூவில் கை வைக்கத் தோன்றும். அளவு தெரியாமல் முறுக்கினால் ஸ்டீயரிங் நடுவுக்குத் திரும்பி வராது, உள்ளே பல்லும் தேயும். அதைவிட, கியர் பாக்ஸைப் பிடித்திருக்கும் போல்ட்களும் அந்த இடத்துச் சேஸிஸில் விரிசலும் முக்கியம்.

இனி டேம்பர். முன்பக்கம் படுக்கை வாக்கில் இருக்கும் ஷாக் அப்சார்பர் மாதிரியான பாகம். உதறல் என்றதும் முதலில் விற்கப்படுவதும் இதுதான். புது டேம்பர் மாட்டியதும் உதறல் நின்றுவிடும், சந்தேகமே இல்லை. சில மாதங்களில் மறுபடி வரும், அதுவும் இன்னும் மோசமாக. அடியில் இருந்த ஆட்டம் இதற்குள் வளர்ந்திருக்கும். இரட்டை டேம்பர் போட்டால் அந்த மறைப்பு இன்னும் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். விதிவிலக்கும் உண்டு. 2018, 2019 ராங்லர்களில் வண்டி புதிதாக இருக்கும்போதே உதறல் வந்தது. நிறுவனமே வேறு டேம்பரை மாட்டிக் கொடுத்தது. தேய்மானம் இல்லாத புது வண்டிக்கு அது நியாயமான வைத்தியம். லட்சம் கி.மீ. ஓடிய வண்டிக்கு அது வலிநிவாரணி. பழைய டேம்பரைக் கழற்றிக் கையால் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். இரு திசையிலும் ஒரே சீரான எதிர்ப்பு இருந்து, எண்ணெய் கசிவு இல்லாவிட்டால் அது குற்றவாளி இல்லை.

டயர் பெரும்பாலும் தூண்டிவிடுவதோடு சரி. ஆனால் தூண்டுதலைக் குறைத்தால் பாதி நிம்மதி. கனமான சுமை டயர்களில் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தத்துக்குக் காற்று அடிப்பது பரவலான பழக்கம். அது டயரின் தாங்கும் எல்லை. வண்டிக்கான அளவு கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கிறது. காலி வண்டியில் கல்லாக இறுகிய டயர் ஒவ்வொரு இணைப்புப் பட்டையிலும் துள்ளும். காற்றைக் கொஞ்சம் குறைத்ததும் உதறல் போய்விட்டது என்பவர்கள் உண்டு. அது நோயைக் காட்டுகிறது, தீர்க்கவில்லை. விளிம்பில் அலை அலையாகக் குழி விழுந்து தேய்ந்த டயரை எந்தப் பேலன்சிங் எந்திரமும் சரிசெய்யாது. மேல்பரப்பில் ஓரிடம் மட்டும் புடைத்திருந்தால் உள்ளே எஃகு அடுக்கு பிரிந்திருக்கிறது. அந்த டயரை அன்றே கழற்ற வேண்டும். ரிம்மின் உட்புறம் காய்ந்து ஒட்டிய சேறும் பேலன்ஸைக் கெடுக்கும், பட்டறைக்குப் போகும் முன் கழுவிவிட்டுப் போகலாம். வீல் ஸ்பேசரும் வெளியே தள்ளிய ரிம்மும் சக்கரத்தின் நெம்புகோல் நீளத்தைக் கூட்டி, இருக்கிற சிறு ஆட்டத்தையும் பெரிதாக்கும்.

லிஃப்ட் கிட் போட்ட வண்டிகளின் கதை தனி. உயரத்தைக் கூட்டினால் ஆக்சில் சுழன்று கேஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைகிறது. ஸ்டீயரிங் தானாக நேராகும் குணம் போய்விடும். அதற்காகக் கேஸ்டரை அளவுக்கு மீறிக் கூட்டினாலும் உதறல் பெருகும். கூடவே டிராக் பாரும் டிராக் லிங்க்கும் ஒரே சாய்வில், இணையாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் இறக்கி மாட்டினால் ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் தானாகத் திரும்பும்.

பழுது பார்க்கும்போது ஆட்டம் தெரிந்த பாகத்தை மாற்றியதும் முதல் சோதனையை மறுபடி செய்யுங்கள். பெரிய ஆட்டம் போன பிறகுதான் அதன் பின்னால் ஒளிந்திருந்த சின்ன ஆட்டம் தெரியவரும். கடைசியில் வீல் அலைன்மென்ட். அதை முதலில் செய்வது வீண், லூஸான மூட்டு அளவைப் பிடித்து வைக்காது. ஓட்டிப் பார்ப்பதை ஆளில்லாத சாலையில் 60 கி.மீ.யில் தொடங்கிப் பத்துப் பத்தாகக் கூட்டுங்கள், டிரெய்லர் இல்லாமல். வீல் நட்டை 100 கி.மீ. ஓடியதும் மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள், டிராக் பார் போல்ட்களை 500 கி.மீ.யில். அதன் பிறகு டயரை இடம் மாற்றும் ஒவ்வொரு 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை, வண்டி தரையில் நிற்கும்போதே அந்த இரண்டு ஆள் சோதனையையும் சேர்த்துச் செய்துவிட்டால் பத்து நிமிடம்தான் கூடுதலாகும். கிரீஸ் நிப்பிள் உள்ள மூட்டுகளுக்கு அப்போதே கிரீஸும் அடித்துவிடலாம்.