பாண்டமிக்கா, தி க்ரூவா?

எங்கள் நாலு பேர் கூட்டத்தில் பாண்டமிக் என்ற பலகை ஆட்டத்தைக் கெடுத்தது நான்தான். அதனால்தான் அப்புறம் தி க்ரூ என்ற சீட்டாட்டத்தை வாங்கினோம். இனி நான் எழுதுவதில் ஒரு பக்கச் சாய்வு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டிலும் எல்லாரும் ஒரே கட்சி, ஜெயித்தாலும் தோற்றாலும் மொத்தமாகத்தான். பாண்டமிக் 2008இல் வந்தது, மேட் லீகாக் உருவாக்கியது. 48 ஊர்கள், 4 நோய்கள், நாலுக்கும் மருந்து கண்டுபிடித்தால் வெற்றி. பலகையில் சென்னையும் உண்டு. மும்பை, டெல்லி, கொல்கத்தா, பாங்காக், ஜகார்த்தா என்று ஐந்து ஊர்களுக்கு அங்கிருந்து கோடு போவதால் சென்னையில் நோய் வெடித்தால் ஐந்துக்கும் பரவும். எங்கள் ஆட்கள் எது எப்படிப் போனாலும் முதலில் சென்னையைத்தான் காப்பாற்ற ஓடுவார்கள். பாசம் சரி, ஆட்டத்துக்கு நல்லதில்லை.

சிக்கல் என்னவென்றால், இந்த ஆட்டத்தில் மறைக்க ஒன்றுமே இல்லை. யாரிடம் என்ன கார்டு, எந்த ஊரில் எத்தனை நோய்க் கட்டை, எல்லாமே பேசித் தெரிந்துகொள்ளக்கூடியவை. ஆக, நாலு பேர் உட்கார்ந்து போடும் ஒரே புதிர் அது. நாலு முறை ஆடிய ஒருவன் பக்கத்தில் இருந்தால் அவனே நாலு பேருக்கும் யோசித்துவிடுவான். "நீ டெல்லிக்குப் போ, அந்தக் கார்டை அவகிட்ட குடு" என்று நான் ஆரம்பித்து, ஒரு நாள் ஒரு தோழி தன் கார்டுகளை என் பக்கம் தள்ளிவிட்டு "நீயே ஆடுடா, நான் டீ போட்டுட்டு வரேன்" என்று எழுந்து போய்விட்டாள். அந்த ஆட்டத்தில் ஜெயித்தோம் என்பதுதான் கொடுமை. கார்டுகளை மறைத்து வைத்து ஆடிப் பார்த்தோம், வாயால் சொல்லிவிடுகிறார்களே! நேரம் வைத்து ஆடினோம், சத்தம்தான் கூடியது.

தி க்ரூவில் அந்த வேலையே நடக்காது. தாமஸ் சிங் உருவாக்கி 2019இல் வந்த சீட்டாட்டம் அது. நாலு நிறத்தில் 1 முதல் 9 வரை, கூடவே துருப்பாக 4 ராக்கெட். இறக்கிய நிறத்தையே போட வேண்டும், இல்லையென்றால் வெட்டலாம் அல்லது எதையாவது தள்ளலாம். 304, 28 மாதிரி சீட்டாட்டங்கள் ஆடியவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. வித்தியாசம், "மஞ்சள் 7 இவளிடம்தான் போய்ச் சேர வேண்டும்" என்பது போல ஒவ்வொரு மிஷனிலும் வேலைகள் பிரித்துக் கொடுக்கப்படும். கையில் என்ன இருக்கிறது என்று பேசவே கூடாது. மிஷனுக்கு ஒருமுறை மட்டும் ஒரு நிறச் சீட்டைத் திறந்து வைத்து, அந்த நிறத்தில் என்னிடம் இதுதான் பெரியது, இதுதான் சிறியது, அல்லது இது ஒன்றுதான் என்று வில்லையால் காட்டலாம். 304இல் கூட்டாளிக்குக் கண் காட்டினால் அடிதடி ஆகும். இங்கே அந்தக் கண்ஜாடைக்கு ஒரே ஒரு முறை அனுமதி, அதை எப்போது செலவழிப்பது என்பதில்தான் பாதி ஆட்டமும் இருக்கிறது.

டீ போடப் போன அதே தோழி இதில் எங்களில் கெட்டிக்காரி. அவள் ஏன் பச்சை 3ஐ இறக்கினாள் என்று எனக்கு இரண்டு சுற்று கழித்துத்தான் புரியும். மொத்தம் 50 மிஷன்; நாங்கள் பாதியைத் தாண்டியிருக்கிறோம், கடைசிப் பகுதி எப்படி என்று இன்னும் பார்க்கவில்லை. இரண்டு பேராக ஆடியதும் இல்லை.

சீட்டே பிடிக்காதவர்கள் வந்தால் இன்றும் பாண்டமிக்தான் எடுக்கிறோம். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஆட அதுதான் தோது, கதையும் உண்டு. அப்போது நான்தான் டீ போடப் போகிறேன்.