மண்டபத்து உப்புக்காற்றில் ஒரு குளியலறைத் திரை: நான்காண்டு அனுபவம்

மண்டபத்தில் எங்கள் வீட்டிலிருந்து வடக்கே நடந்தாலும் கடல், தெற்கே நடந்தாலும் கடல். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாவின் உப்பும், வாடை திரும்பியபின் பாக் விரிகுடாவின் உப்பும் சன்னல் வழியே வந்து வீட்டிலுள்ள ஒவ்வொரு திருகாணியையும் சோதித்துப் பார்க்கும். இரும்பு அரிப்பதை ஆராய்வதற்கென்றே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இவ்வூரில் ஒரு நிலையம் வைத்திருப்பதிலிருந்தே எங்கள் காற்றின் குணம் விளங்கும். இப்படிப்பட்ட ஊரில், எட்டடிக்கு ஐந்தடி குளியலறைக்குள் ஷவரையும் கழிப்பறையையும் வாஷிங் மெஷினையும் ஒன்றாக வைத்துக்கொண்டு, ஈரத்தரையில் மாமியார் வழுக்கிவிடக் கூடாதே என்ற கவலையில் 2021இல் ஒரு ஷவர் திரை வாங்கினேன்.

முதல் திரை கண்ணாடிபோல் தெரியும் பிவிசி. பிரித்த நாளில் வந்த நெடி அடங்கவே பத்து நாள் ஆயிற்று. மேல் விளிம்பில் வளையம் கோக்க இருந்த உலோகக் கண்கள் நான்கே மாதத்தில் துருப்பிடித்து, ஒவ்வொன்றிலிருந்தும் பழுப்பு நிறக் கோடு ஒன்று கீழே இறங்கியது. அழுக்குப் போகட்டும் என்று ஒருநாள் மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டேன். மடிப்பு விழுந்த இடங்கள் அப்பளமாய் விறைத்துப் பின்னர் கிழிந்தன. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது தொங்குவது 72 அங்குலம் நீளமும் அகலமும் உள்ள பாலியெஸ்டர் துணித்திரை. கண்களுக்குப் பதிலாகச் சட்டைப் பொத்தான் துளைபோல் நூலால் தைத்த பன்னிரண்டு துளைகள் இருப்பதால் துருவுக்கு அதில் இடமே இல்லை. கடையில் தடவிப் பார்த்து மென்மையாக இருக்கிறது என்று வாங்குபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: துணியைவிடத் துளைகளைக் கவனியுங்கள்.

திரையைவிட என்னை அதிகம் அலைக்கழித்தது அதைத் தாங்கும் கம்பிதான். சுவரில் துளை போட மனமில்லாமல், உள்ளே சுருள்வில் வைத்து இரு சுவர்களுக்கிடையே இறுக்கி நிறுத்தும் கம்பியை முதலில் வாங்கினேன். வழவழப்பான டைல்ஸில் சோப்புநீர் தெறிக்கத் தெறிக்க ரப்பர் முனைகள் பிடிமானத்தை இழந்தன. உள்ளேயிருந்த வில்லும் துருவேற, ஒரு விடியற்காலையில் ஈரத்திரையோடு மொத்தமும் மாமியார் தலைக்கருகில் விழுந்தது. எதைத் தடுக்க வாங்கினேனோ அதுவே நடந்திருக்கும். பிறகு வலைக்கடையில் நைலான் கயிறு வாங்கிக் கட்டினேன். நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும் என்பதை, திரையின் நடுப்பகுதி தொய்ந்து தரையைத் துடைக்கத் தொடங்கிய பிறகே உணர்ந்தேன். கடைசியில் படகு வேலை செய்யும் பட்டறை ஒன்றில் 316 ரக எவர்சில்வர் குழாய்த் துண்டு கிடைத்தது. வீட்டுச் சாமான்களில் சாதாரணமாக வரும் 304 ரகத்தில் இல்லாத மாலிப்டினம் என்ற உலோகம் இதில் இரண்டு முதல் மூன்று விழுக்காடு இருப்பதால், குளோரைடு உப்பை இது நன்றாகவே தாங்குகிறது. சுவரில் துளையிட்டு, தரையிலிருந்து 76 அங்குல உயரத்தில் பொருத்தினோம். வளையத்தின் தொங்கல் போக, திரையின் அடிப்பகுதி தரையைத் தொடாமல் ஏறக்குறைய மூன்று அங்குலம் மேலே நிற்கிறது. வளையங்கள் மட்டும் மலிவான பிளாஸ்டிக். அவை உடையுமே தவிரத் துருப்பிடிப்பதில்லை.

ஷவரைத் திறந்ததும் திரை உட்புறமாக வந்து உடலோடு ஒட்டிக்கொள்வது எல்லா ஊரிலும் உள்ள தொல்லை. விழும் நீர் காற்றையும் இழுத்துச் சுழலவைக்க, அச்சுழலின் நடுவே அழுத்தம் குறைந்து திரை உள்ளே இழுபடுகிறது என்று கணினி வழியே காட்டிய அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் ஷ்மிட்டுக்கு 2001இல், சிரிக்கவைத்துச் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசே கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் இத்தோடு சன்னல் காற்றும் சேர்ந்துகொள்ளும். "ஏத்தா, குளிக்கிற எடத்துல எதுக்குப் படகுப் பாய் விரிச்சு வச்சிருக்கே?" என்று மாமியார் கேட்டது சரியான கேள்வி. காந்தம் வைத்த திரைகள் விற்கின்றன; அந்தக் காந்தமும் இங்கே துருப்பிடிக்கும் என்பதால், வலையில் கோக்கும் ஈயக்குண்டுகளில் எட்டை ரெக்சின் துண்டில் பொதிந்து அடிமடிப்புக்குள் வைத்துத் தைத்தேன். திரை அசையாமல் நிற்கிறது. ஆனால் ஈயம் ஈயம்தான். கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் குழந்தை உள்ள வீட்டில் இதைச் செய்ய வேண்டாம்.

பராமரிப்பில் முதல் வேலை, குளித்து முடித்ததும் திரையை முழு அகலத்துக்கு இழுத்துவிடுவது. மடிந்தபடியே விட்டால், ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரே வாரத்தில் மடிப்புக்குள் கரும்புள்ளி தோன்றிவிடும். மாதம் ஒருமுறை கழற்றி, இரண்டு பழைய துண்டுகளோடு மெஷினில் மிதமான சூட்டில் துவைக்கிறேன். துண்டுகள் உரசுவதால் அடிப்பகுதியில் படிந்த வழவழப்பு போய்விடுகிறது. துவைக்குமுன் ஈயக்குண்டுகளை எடுத்துவிட வேண்டும் என்பதற்காக மடிப்பின் ஒரு முனையைத் தைக்காமல் பொத்தான் வைத்திருக்கிறேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் வெள்ளைப் படிவுக்கு வினிகர் கலந்த நீரில் அரைமணி நேரம் ஊறவைத்தால் போதும். வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

கடைசி அலசலில்தான் தவறு செய்தேன். குடிக்க வரும் காவிரித் தண்ணீரை இதற்குச் செலவிட மனம் வராமல், ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் நீரில் அலசிவந்தேன். வடிகட்டிய உப்பெல்லாம் சேரும் நீர் அதுதான் என்பதால், காய்ந்த திரை முன்னிலும் வெளுத்தது. இப்போது ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்துக்கொள்கிறேன். காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்கும் நீராதலால் அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. புழுக்கமான ஓர் இரவில் முக்கால் வாளி சேர்ந்துவிடுகிறது. கழுவி நிழலில் உலர்த்திய திரையில், விரலால் தேய்த்தாலும் வெள்ளைத் தூள் ஒட்டுவதில்லை.

குழாய் இன்னும் பளபளக்கிறது. அதைச் சுவரோடு பிடித்திருக்கும் நான்கு திருகாணிகளை மட்டும் சாதாரண ரகத்தில் வாங்கிவிட்டேன். அவற்றின் தலையில் இப்போதே பழுப்பு ஏறிவிட்டது.