தொழிற்சாலை விட்ட நிறத்துக்கே திரும்பிய சேலஞ்சர்: ஒரு வண்ணப்பூச்சுப் பட்டறையின் வேலை பற்றி

என்னிடமுள்ள 1970ஆம் ஆண்டு டாட்ஜ் சேலஞ்சர் காரை மிச்சிகனிலுள்ள ஒரு சிறிய பட்டறையில் மறுபூச்சுக்கு விட்டிருந்தேன். ஐந்து மாதங்கள் கழித்து வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவர்கள் செய்த ஒரு பிழையையும் சொல்லியாக வேண்டும் என்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை. ஆயினும் பழைய மசில் கார்களின் (1960, 70களின் ஆற்றல்மிக்க அமெரிக்கக் கார்களின்) தொழிற்சாலைப் பூச்சை அப்படியே மீட்க விரும்புவோருக்கு இந்த வேலையின் விவரங்கள் பயன்படும் என்று நம்புகிறேன்.

வண்டி என் கைக்கு வந்தபோது சிவப்பாக இருந்தது. எஞ்சின் அறையின் இடப்புற உட்சுவரில் இருக்கும் ஃபெண்டர் டேக் என்ற சிறு தகட்டிலோ எஃப்சி7 என்று பொறிக்கப்பட்டிருந்தது. கிறைஸ்லர் நிறுவனத்தின் இரு பிராண்டுகளில் டாட்ஜ் 'பிளம் கிரேஸி' என்றும் பிளிமத் 'இன்-வயலட்' என்றும் பெயரிட்டு விற்ற மெட்டாலிக் (உலோகத் துகள் கலந்த) ஊதா நிறத்தின் குறியீடு அது. பல பட்டறைகள் இந்தக் குறியீட்டைப் பார்த்தவுடனே பெயின்ட் கலக்கத் தொடங்கிவிடும். இவர்கள் அவ்வாறு செய்யவில்லை. வண்டிக்கு எந்த நிறம் கேட்கப்பட்டது என்பதைத்தான் தகடு சொல்லும், பூசியவர் எதை எங்கே எப்படிப் பூசினார் என்பதை வண்டியிடம்தான் கேட்க வேண்டும் என்று உரிமையாளர் முதல் நாளே சொன்னார். கதவின் உட்பலகையையும் வாசற்படித் தகட்டையும் கழற்றி, வெயில் படாமல் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒளிந்திருந்த ஊதாவைக் கண்டெடுத்து, அதை நிறமானியால் அளந்தார்கள். எஞ்சின் அறையில் மிஞ்சியிருந்த பழைய பூச்சு வெப்பத்தாலும் எண்ணெயாலும் பழுப்பேறிப் போனதால் அதை அளவுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. கருவி தந்த கலவையை அப்படியே ஏற்காமல் மூன்று மாதிரித் தகடுகளில் பூசி, நண்பகல் வெயிலிலும் குழல்விளக்கின் கீழும் பழைய நிறத்தோடு வைத்துப் பார்த்தார்கள். இன்றைய நிறமிகள் அன்றைய நிறமிகளே அல்ல என்பதால், ஓர் ஒளியில் ஒத்துப்போகும் இரு பூச்சுகள் மற்றோர் ஒளியில் பிரிந்து தெரியும்.

பூச்சின் தன்மையைப் பொறுத்தவரை இவர்களுடைய நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அக்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் அக்ரிலிக் லாக்கர் என்ற வகைப் பூச்சைப் பயன்படுத்தியது; கிறைஸ்லரும் ஃபோர்டும் அக்ரிலிக் எனாமல் என்ற வகையைப் பயன்படுத்தின. எனாமல் சூட்டடுப்பிலிருந்து வெளிவரும்போதே பளபளப்போடும் ஆரஞ்சுத் தோல் போன்ற மெல்லிய சொரசொரப்போடும் வந்துவிடும். அதன்பின் யாரும் அதைத் தேய்த்து மெருகேற்றிக்கொண்டிருக்கவில்லை. நிறத்தின் மேல் தனியாகக் கிளியர்கோட் என்ற நிறமற்ற மேற்பூச்சைப் போடும் முறை அமெரிக்கத் தொழிற்சாலைகளில் 1980களில்தான் பரவலாயிற்று. ஆகவே கண்ணாடிபோல் முகம் தெரியும் ஒரு சேலஞ்சரைக் கண்காட்சியில் பார்க்கும்போதெல்லாம், அழகாக இருந்தாலும் சேலஞ்சர் உருவான ஹாம்ட்ராம்க் தொழிற்சாலையிலிருந்து இப்படி ஒன்று வந்ததே இல்லை என்ற எண்ணம் எனக்கு எழுகிறது. இவர்கள் கிளியர்கோட் இல்லாத ஒற்றையடுக்கு யூரித்தேன் என்ற இக்காலப் பூச்சைப் பயன்படுத்தினார்கள். அது எனாமல் அல்ல என்பது உண்மைதான். உழைக்கும் தன்மை கருதி அந்தச் சமரசத்துக்கு நான் ஒப்புக்கொண்டேன். மறுபூச்சே காணாத அதே ஆண்டு வண்டியொன்றின் கதவை அருகில் வைத்து, சொரசொரப்பு அதனோடு ஒத்துவரும்வரை ஸ்ப்ரே கன்னின் காற்றழுத்தத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

ஃபெண்டர் போல்ட்டுகளையும் குறிப்பிட வேண்டும். இந்த வண்டிகளில் முன்பக்கத் தகடுகள் உடலோடு பூட்டப்பட்ட பிறகே நிறம் பூசப்பட்டது. எனவே போல்ட்டுத் தலைகளும் வண்டியின் நிறத்திலேயே இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸின் அதே காலத்துக் கமாரோ காரில் முன்பக்கத் தகடுகள் தனியே பூசப்பட்டதால் அங்கே கதை வேறு. இங்கே போல்ட்டுகளை உரிய இடத்தில் முடுக்கிவிட்டு அதன்பின் பூசினார்கள்.

அடிப்பகுதி வேலைக்கு மட்டும் மூன்று வாரம் ஆயிற்று. படிந்திருந்த அழுக்கை மரச்சீவுளியால் மெதுவாக எடுத்தபோது, ஓரங்களில் அடர்ந்தும் நடுவை நோக்கி மங்கியும் விசிறியிருந்த ஊதாத் தூவலும், ப்ரைமர் என்ற அடிப்பூச்சின்மேல் தொழிற்சாலை ஆய்வாளர் யாரோ மெழுகுப் பென்சிலால் போட்டிருந்த இரண்டு குறிகளும் வெளிப்பட்டன. அவற்றைப் படமெடுத்து, ஒளிபுகும் தாளில் வரைந்துகொண்டு, பின்னர் அதே இடத்தில் அதே சாய்வில் எழுதினார்கள். மற்ற வண்டிகளில் காணப்பட்ட குறிகளையும் சேர்த்துத் தரட்டுமா என்று கேட்டார்கள்; மறுத்துவிட்டேன். என் வண்டியில் தடயமே இல்லாத குறியை எழுதுவது வெறும் ஒப்பனை என்பது என் கருத்து.

இனி பிழை. இடப்பக்கக் கதவில் விழுந்த ஒரு தூசுப் புள்ளியை அகற்ற, ஊழியர் ஒருவர் அந்த இடத்தை நீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றிவிட்டார். கிளியர்கோட் உள்ள பூச்சில் இது அன்றாட வேலை. ஒற்றையடுக்கு மெட்டாலிக்கிலோ அலுமினியத் துகள்கள் மேற்பரப்பிலேயே கிடக்கின்றன. தேய்த்தால் அவை கலைந்து, அந்த இடம் மேகம் படிந்ததுபோல் கருத்துவிடும். முதலில் யாருக்கும் தெரியாது என்றார்கள். மாலை வெயிலில் வண்டியை வெளியே நிறுத்திக் காட்டியபோது மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டு, இடப்பக்கம் முழுவதையும் கட்டணமின்றி மீண்டும் பூசினார்கள். மூன்று மாதத்தில் தருவதாகச் சொன்ன வேலை ஐந்து மாதம் நீண்டதற்கு இதுவும் ஒரு காரணம். தாமதத்தை நான் கேட்ட பிறகே சொன்னார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

கண்ணாடிப் பளபளப்பை விரும்புவோருக்கு இந்தப் பட்டறையின் வேலை ஏமாற்றமளிக்கும். செவ்ரொலேயின் கொர்வெட் ஸ்போர்ட்ஸ் கார்களை மதிப்பிடும் என்சிஆர்எஸ் சங்கத்தைப்போல, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலையையே அளவுகோலாகக் கொள்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மெட்டாலிக் நிறமானால், எந்தத் தகட்டையும் தேய்த்து மெருகேற்றக் கூடாது என்று வேலைச்சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பூச்சில் உள்ளங்கையளவு இடத்தையாவது மறைத்துவைக்கச் சொல்லுங்கள். என் வண்டியில் வலக்கதவின் உட்பலகைக்குப் பின்னால் 1970இன் ஊதா இன்னும் தொடப்படாமல் இருக்கிறது.