மகளை மனநல வார்டில் சேர்க்கும் முன் நான் கேட்காமல் விட்ட கேள்வி

மகளுக்குப் பதினாறு வயது. ஓ.எல் சோதனைக்கு மூன்று மாதம் இருக்கையில் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தாள். பிழைத்துவிட்டாள். அப்புறம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். "கவர்மெண்டுக்குக் கொண்டுபோனால் பொலிஸ் கேஸாகி பிள்ளையை உள்ளே போடுவார்கள்" என்று கவுண்டரில் ஒருவர் சொன்னார். பயந்துபோய் முற்பணம் கட்டினோம். தற்கொலை முயற்சி இலங்கையில் குற்றமே இல்லை. அந்தச் சட்டப்பிரிவை 1998இலேயே நீக்கிவிட்டார்கள். எனக்கு அது தெரியவந்தது பில் கட்டிய பிறகு.

இளம்பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு, தினமும் கவுன்சிலிங் என்றார்கள். கிடைத்தது பெரியவர்களின் வார்டில் ஒரு மூலைக் கட்டில். போனவுடன் போன், தலைக் கிளிப், படம் கீறும் பேனை எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பையில் போட்டு என் கையில் தந்தார்கள். பாதுகாப்புக்குத்தான், விளங்குகிறது. ஆனால் அதை அவளிடம் ஒருவராவது சொல்லியிருக்கலாம். தண்டனை என்றே நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

நான்கு நாளில் கவுன்சிலிங் ஒரே தடவை, பத்து நிமிடம். வந்தவருக்குத் தமிழ் தெரியாது. மகளின் சிங்களம் கடைச் சிங்களம். சரி, நீங்களே மொழிபெயருங்கள் என்று என்னை நடுவில் உட்கார வைத்தார். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று நான் கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு "ஒண்டுமில்லை" என்றாள். அதையும் நானே சிங்களத்தில் சொன்னேன். பல நாள் கழித்துத்தான் வாய் திறந்தாள்: "உங்களைப் பற்றியும்தானே சொல்ல இருந்தது, அம்மா."

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியபோது கையில் தந்த டயக்னோசிஸ் கார்டில் மருந்துப் பெயர்கள் மட்டும். அடுத்த கிளினிக் திகதி இல்லை. வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டிய காலம், மருந்தைப் பூட்டி வைத்து நாமே எடுத்துக்கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் நான் வேறு இடத்தில் கேட்டு அறிந்தவை.

நான் கேட்காமல் விட்டது இதுதான்: தமிழில், உங்களை வெளியே அனுப்பிவிட்டு, பிள்ளையோடு கதைக்கப்போவது யார்? கையெழுத்து வைக்கும் முன் பெயரோடு கேளுங்கள். மழுப்பினால் அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காசும் இல்லை. நடுச்சாமத்தில் பயம் வந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு அழைக்கலாம்.

நாங்கள் இப்போது போவதும் அரச கிளினிக்குக்குத்தான். விடியவே போய் நம்பர் எடுக்க வேண்டும், வாங்கில் இடம் கிடைக்காது. முதல் நாளே டாக்டர் "அம்மா கொஞ்சம் வெளியே இருங்கோ" என்றார். முக்கால் மணித்தியாலம் கதவு திறக்கவில்லை.

இதை மகள் வாசித்த பிறகே போடுகிறேன். ஒரு வரியை வெட்டச் சொன்னாள், வெட்டிவிட்டேன்.